பனித்தடமும் ஊர்ச்சங்கமும்

வட அமெரிக்காவின் வடபகுதியில், அதாவது ஐக்கிய அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட், நியூயார்க், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா ஆகிய மாநிலங்களிலும் அவற்றை அடுத்துள்ள கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும், ஆண்டுதோறும் டிசம்பர் முதல் மார்ச் வரை மட்டும் இருந்து, பனி உருகியதும் காணாமற்போகும் ஒரு பெரும் பாதைவலை உண்டு. முன்புறம் இரண்டு சறுக்குக்கட்டைகளும் பின்புறம் எஞ்சின் விசையால் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டையும் கொண்டு, இருபுறமும் கால்போட்டு அமர்ந்து ஓட்டப்படும் ஸ்னோமொபைல் என்னும் பனி ஊர்திகளுக்காகவே இத்தடங்கள் அமைக்கப்படுகின்றன. ஒண்டாரியோவில் மட்டும் இவற்றின் நீளம் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். விஸ்கான்சினில் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். பரப்பில் சிறிய மாநிலமான வெர்மான்டில்கூட ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். சோளக்கொல்லைகளின் ஓரமாகவும் மேப்பிள் காடுகளின் ஊடாகவும் உறைந்த ஏரிகளின் மேலாகவும் கைவிடப்பட்ட ரயில் பாதைகளின் வழியாகவும் ஊர்விட்டு ஊர் செல்லும் இத்தடங்களில் ஓட்டுவதற்குக் கட்டணம் உண்டு என்பதும், அக்கட்டணத்தின் பெரும்பகுதி உள்ளூர்ச் சங்கங்களின் உழைப்பைத் தாங்குவதற்கே செல்கிறது என்பதும் அப்பகுதிகளுக்கு வெளியே பரவலாக அறியப்படாத செய்திகள்.

முதன்முறை கேள்விப்படுவோருக்கு இக்கட்டணம் பொருளற்றதாகத் தோன்றுவது இயல்பே. பனி வானிலிருந்து விலையின்றி விழுகிறது, வண்டி ஓட்டுபவருடையது, எரிபொருளும் அவர் காசில் வாங்கியது, நிலமோ பெரும்பாலும் யாரோ ஒரு தனியாருக்குச் சொந்தமானது, அவருக்கும் அப்பணத்தில் ஒரு காசுகூடப் போவதில்லை. அப்படியானால் இக்கட்டணம் எதற்கு என்ற கேள்விக்கு, அது சாலைச் சுங்கமோ நிலவாடகையோ அன்று, ஓர் ஊரின் பத்திருபது பேர் தம் ஓய்வுநேரத்தைக் கொடுத்துச் செய்யும் வேலைக்கான டீசலும் காப்பீடும் உதிரிப்பாகமும்தான் என்பதே சரியான விடை. இதைப் புரிந்துகொள்ள, இத்தடங்கள் எப்படித் தோன்றின என்பதையும் எவ்வாறு நிலைக்கின்றன என்பதையும் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

பனி ஊர்தி பொழுதுபோக்குக்காகப் பிறந்ததன்று. விஸ்கான்சினின் செய்னர் என்ற ஊரில் கார்ல் எலியசன் என்பவர் 1924-இல் மோட்டார் பொருத்திய ஒரு சறுக்குவண்டியை உருவாக்கினார். கியூபெக்கின் வால்கூர் என்ற ஊரில் இயந்திரப் பட்டறை நடத்திவந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே, பனியில் ஓடும் வண்டிகளை இளமை முதலே சோதித்துவந்தவர். 1934-இல், குடல்வால் அழற்சி முற்றிய அவருடைய இரண்டு வயது மகனைப் பனியடைத்த சாலைகளைக் கடந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி, குழந்தை இறந்தது. 1937-இல் பல்சக்கரத்தால் சுழலும் பட்டை அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். அவர் செய்த ஏழு பேரும் பன்னிரண்டு பேரும் அமரக்கூடிய மூடிய வண்டிகள் மருத்துவர்களுக்கும் அஞ்சல் துறைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டன. 1948-இல் கியூபெக் அரசு ஊரகச் சாலைகளிலும் பனியை அகற்ற ஏற்பாடு செய்தபின் அப்பெரிய வண்டிகளின் தேவை குறைந்துவிட, ஓரிருவர் ஏறிச்செல்லும் இலகுவான வண்டியின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. 1959-இல் ஸ்கீ-டூ விற்பனைக்கு வந்தது. மினசோட்டாவின் ரோசோ என்ற சிற்றூரில் தொடங்கிய போலாரிஸ் நிறுவனமும் 1950-களின் நடுவிலேயே தன் முதல் பனி ஊர்திகளைச் செய்திருந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் இத்தொழில் கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. 1971-ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவில் ஓராண்டில் ஏறத்தாழ 5 லட்சம் பனி ஊர்திகள் விற்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவற்றைச் செய்தன. ஓட்டுவதற்கு வண்டி இருந்ததேயன்றி ஓட்டுவதற்கான இடம் இல்லை. வேலியைத் தாண்டியும் நாற்றங்கால் மரக்கன்றுகளின் மேலேறியும் நள்ளிரவில் வீட்டு வாசல்களைக் கடந்தும் வண்டிகள் சென்றதால் விவசாயிகளின் சினம் வளர்ந்தது; ஊராட்சிகள் தடைவிதிக்கத் தொடங்கின. அந்தச் சினத்துக்கு விடையாகத்தான் ஊர்ச்சங்கங்கள் தோன்றின. ஓட்டுநர்கள் தாமே ஒன்றுகூடி, நிலவுடைமையாளர்களின் வாசலுக்குச் சென்று அனுமதி கேட்டு, ஒரே ஒரு தடத்தைக் குறித்து, அதைவிட்டு விலகாமல் ஓட்டுவோம் என்று உறுதியளித்தனர். வெர்மான்ட் மாநிலச் சங்கமான வாஸ்ட் 1967-இல் தொடங்கியது; ஒண்டாரியோ கூட்டமைப்பும் மெய்ன் மாநிலச் சங்கமும் அதே காலத்தில் எழுந்தவையே. அரசு திட்டம் தீட்டிச் செய்யாத, நிறுவனங்கள் முதலீடு செய்யாத ஒரு கண்ட அளவிலான பாதைவலை, அண்டைவீட்டார் ஒருவருக்கொருவர் கொடுத்த வாய்மொழி உறுதிகளால் உருவானது என்பது இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி.

அந்த உறுதிகளே இன்றும் தடத்தின் அடித்தளம். மெய்ன் மாநிலத் தடங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு தனியார் நிலத்தில் செல்கின்றன. வெர்மான்டிலும் பெரும்பகுதி அப்படியே. இந்நிலங்களின் மீது சங்கங்களுக்குப் பெரும்பாலும் எந்தச் சட்டப்படியான உரிமையும் கிடையாது. பல இடங்களில் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் இருக்கும். சில இடங்களில் அதுவும் இன்றி, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இரு குடும்பத் தலைவர்கள் பேசிக்கொண்டதே ஆவணமாக நிற்கும். நிலவுடைமையாளர் தம் அனுமதியை எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் திரும்பப் பெறலாம். ஒருவர் வாயிலை மூடினால் அவருடைய சில நூறு மீட்டர் மட்டும் போவதில்லை; அதன் இருபுறமும் உள்ள தடம் துண்டுபட்டு, மாற்றுவழி கிடைக்கும்வரை இரண்டு ஊர்களுக்கு இடையிலான தொடர்பே அற்றுப்போகிறது.

இவ்வளவு பெரிய உதவியைச் செய்பவருக்கு ஏன் பணம் கொடுப்பதில்லை என்பதற்குச் சட்டத்தில் ஒரு வலுவான காரணம் உண்டு. அமெரிக்காவின் மாநிலங்களில் பொழுதுபோக்குப் பயன்பாட்டுச் சட்டங்கள் எனப்படும் ஒருவகைச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. தம் நிலத்தில் பிறர் வேட்டையாடவோ நடக்கவோ பனி ஊர்தி ஓட்டவோ விலையின்றி அனுமதிக்கும் உடைமையாளரை, அங்கு நேரும் விபத்துக்கு வழக்கமாக ஏற்கவேண்டிய இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து அவை பெரிதும் விடுவிக்கின்றன. ஆனால், அவர் நுழைவுக்குக் கட்டணம் பெற்றால் பெரும்பாலான மாநிலங்களில் அப்பாதுகாப்பு நீங்கிவிடும் அல்லது சுருங்கிவிடும். ஆகவே, பணம் பெறாமல் இருப்பதே நிலவுடைமையாளருக்குப் பாதுகாப்பு. ஒண்டாரியோவிலும் நில அனுபோகதாரர் பொறுப்புச் சட்டம், பொழுதுபோக்குத் தடங்களில் வருவோரிடம் நிலவுடைமையாளர் காட்டவேண்டிய கவனத்தின் அளவைக் குறைத்தே வைத்திருக்கிறது. இவற்றுக்கு மேலாக, மாநில, மாகாணக் கூட்டமைப்புகள் பொதுவான ஒரு பொறுப்புக் காப்பீட்டை எடுத்து, அதன் பாதுகாப்பை நிலவுடைமையாளருக்கும் நீட்டிக்கின்றன. ஓட்டுநர் கட்டும் தொகையில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் செலவுகளில் இக்காப்பீடு முக்கியமானது. அது இல்லாவிட்டால் எந்த விவசாயியும் தம் வாயிலைத் திறந்துவைக்கத் துணியமாட்டார்.

இந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதை ஒண்டாரியோ 2016-இல் கண்டது. தடங்களை ஆதரிக்கும் நோக்கத்துடன் மாகாண அரசு கொண்டுவந்த ஒரு சட்டத்தில், விரும்பும் நிலவுடைமையாளர் தம் நிலத்தின்மேல் நிரந்தரமான பாதையுரிமை ஒன்றைத் தாமாக முன்வந்து பதிவுசெய்து தரலாம் என்றொரு பிரிவு இருந்தது. அது காலப்போக்கில் கட்டாயமாகிவிடும் என்ற அச்சம் நிலவுடைமையாளர்களிடையே பரவ, மாகாணத்தின் பல பகுதிகளில் அவர்கள் அனுமதியைத் திரும்பப் பெற்றுத் தடங்களை மூடினர். விருப்பமில்லாத எவர்மீதும் இது சுமத்தப்படாது என்று அரசு விளக்கியும் அச்சம் உடனே தணியவில்லை. நிலவுடைமையாளரின் சமையலறை மேசைக்கு எதிரே அமர்ந்து, அச்சட்டத்தின் பிரிவை எடுத்துச் சொல்லி, மூடிய வாயில்களை ஒவ்வொன்றாகத் திறக்கவைக்கும் பணி, அவரைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய உள்ளூர்ச் சங்கத்தாரின் தலையில்தான் விழுந்தது. தலைநகரில் உள்ள எந்த அலுவலகமும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

விவசாயி இழப்பதற்கும் இதில் உண்மையான பொருள் உண்டு. குதிரைமசால் போன்ற பல்லாண்டுத் தீவனப்பயிர் விதைத்த நிலத்தில், தளர்ந்து கிடக்கும் பனி குளிரைத் தடுக்கும் போர்வையாக இருந்து வேரைக் காக்கிறது. வண்டிகள் சென்று அப்பனி இறுகினால் குளிர் ஆழமாக இறங்கி, வசந்தத்தில் அந்த வரிசையில் பயிர் பட்டுப்போகலாம். அதனால்தான் சங்கங்கள் வயலின் ஓரமாகவே தடத்தைக் குறிக்கின்றன. அறுவடை முடிந்து நிலம் உறைவதற்கு முன் குறிக்கம்பங்களை நட்டு, வசந்தத்தில் உழவு தொடங்குமுன் ஒன்றுவிடாமல் பிடுங்கி எடுக்கின்றன. தடத்தைவிட்டு வயலின் நடுவே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகும் ஒரே ஓட்டுநர், இருபது ஆண்டு நல்லுறவை ஒரு பிற்பகலில் அழித்துவிட முடியும். தடங்கள் மூடப்படுவதற்குச் சங்கத்தார் மீண்டும் மீண்டும் சொல்லும் காரணம் இதுதான்.

இனி, பணம் கண்ணுக்குத் தெரியும்படி செலவாகும் இடத்துக்கு வரலாம். விழுந்த பனி அப்படியே ஓடுதடமாகிவிடாது. வண்டிகள் செல்லச் செல்ல, வேகம் கூட்டும் இடங்களிலும் வளைவுகளிலும் பட்டை பனியைப் பின்னுக்குத் தள்ள, சிறு மேடு தோன்றுகிறது. அடுத்த வண்டி அதன்மேல் துள்ளி விழுந்து மேட்டைப் பெரிதாக்குகிறது. நம்மூர் மண்சாலையில் பேருந்துகள் ஓடி ஓடி அலையலையாகக் குழிவிழுவது போலவே, சில நூறு வண்டிகள் போனதும் தடம் முழுவதும் முழங்கால் உயர மேடுகளாகிவிடுகிறது. மோகுல் எனப்படும் இம்மேடுகளில் ஓட்டுவது முதுகெலும்பை வருத்துவதோடு ஆபத்தானதும் ஆகும். இவற்றைச் சீர்செய்வதற்குத்தான் குரூமர் எனப்படும் தடச்சீர் இயந்திரம் வேண்டியிருக்கிறது.

குரூமர் என்பது அகன்ற பட்டைகள் பூட்டிய ஒரு பெரிய டிராக்டரும், அதன் பின்னே இழுத்துச் செல்லப்படும் டிராக் என்ற நீண்ட இரும்புச் சட்டமும் சேர்ந்தது. சட்டத்தின் முன்பகுதியில் குறுக்காகப் பொருத்தப்பட்ட கத்திகள் மேடுகளை அடியோடு சீவுகின்றன; நடுப்பகுதியில் சீவிய பனி உருண்டு புரண்டு உடைந்து, அதனுள் இருந்த காற்று வெளியேறுகிறது; பின்பகுதியில் உள்ள கனத்த தட்டு அதைப் பரப்பி அழுத்துகிறது. அழுத்தியதோடு வேலை முடிவதில்லை. உடைந்த பனித்துகள்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகளில் நுண்ணிய பனிக்கட்டிப் பாலங்கள் வளர்ந்து, துகள்கள் ஒன்றாக இறுகுவதற்குச் சில மணிநேரம் ஆகும். அதற்குக் குளிரும் அமைதியும் வேண்டும். அந்நேரத்தில் வண்டிகள் ஏறினால் இறுகாத பனி மீண்டும் சிதறிவிடும். புதுப்பனியைப் போலப் பல மடங்கு அடர்த்திகொண்ட, கான்கிரீட் தளம்போலத் தோன்றும் நல்ல தடம் இப்படித்தான் உண்டாகிறது. பகலின் வெப்பமும் போக்குவரத்தும் ஓய்ந்த இரவில்தான் பெரும்பாலும் இவ்வேலை நடக்கிறது. குரூமர் மணிக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சென்றால் கத்திகள் சீவாமல் மேட்டின்மேல் மிதந்துபோகும். ஆகவே, எழுபது எண்பது கிலோமீட்டர் தடத்தைச் சீர்செய்ய ஓர் இரவு முழுவதும் தேவைப்படும்.

இந்த இயந்திரத்தின் விலை சாதாரணமானதன்று. புதிதாக வாங்கினால் சில லட்சம் டாலர் ஆகும். பழையதை வாங்கினால் பட்டை அறுவதும் ஹைட்ராலிக் குழாய் வெடிப்பதும் காட்டின் நடுவே நின்றுபோவதும் அடிக்கடி நேரும். ஓட்டுபவர் தனியாக, கடுங்குளிரில், ஏரியின்மேலும் செங்குத்தான சரிவிலும் பல டன் எடையை இழுத்துச் செல்பவர். சில சங்கங்கள் அவருக்கு மணிக்கணக்கில் சிறு கூலி தருகின்றன, பலவற்றில் அதுவும் இல்லை. பனிக்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலை இதைவிடக் குறைவன்று. இலையுதிர் காலத்தில் சாய்ந்த மரங்களை அறுத்து அகற்றுவது, நீரோடைகளின் குறுக்கே குரூமரின் எடையைத் தாங்கும் பாலங்களைப் பழுதுபார்ப்பது, வளைவு, சாலைக் கடப்பு, நிறுத்தம் ஆகியவற்றுக்கான அறிவிப்புப் பலகைகளைப் பொருத்துவது, ஏரி உறைந்ததும் பனிக்கட்டியின் தடிமனைத் துளையிட்டு அளந்து பாதுகாப்பான வழியைக் கம்பங்களால் குறிப்பது என்று அது நீள்கிறது. இவற்றை நவம்பர் மாதக் குளிர்மழையில் நின்று செய்பவர்கள், வாரநாட்களில் வேறு வேலைக்குப் போகும் ஊர்க்காரர்களே.

இச்செலவை ஓட்டுநர்களிடமிருந்து பெறும் முறை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஒண்டாரியோவில் கூட்டமைப்பின் தடங்களில் ஓடும் ஒவ்வோர் ஊர்தியிலும் தட அனுமதிச் சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சீட்டு ஆளுக்கன்று, வண்டிக்குரியது. பருவம் முழுவதற்குமான சீட்டு, வாங்கும் மாதத்தைப் பொறுத்து ஏறத்தாழ 200 முதல் 300 கனடிய டாலர் வரையில் இருக்கிறது. பனி விழுமுன் இலையுதிர் காலத்தில் வாங்குவோருக்கு விலை குறைவு. ஓரிரு வார இறுதி மட்டும் ஓட்டுவோருக்குக் குறுகிய காலச் சீட்டும், 1999-ஆம் ஆண்டு மாதிரியும் அதற்கு முற்பட்டதுமான பழைய வண்டிகளுக்குக் குறைந்த விலைச் சீட்டும் உண்டு. சீட்டைச் சோதிக்கும் பணியைக் காவல்துறையோடு, சிறப்புக் காவலர்களாக நியமனம் பெற்ற தன்னார்வலர்களும் செய்கின்றனர். டொரொண்டோ வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வடக்கே ஹாலிபர்டன், முஸ்கோகா பக்கம் சென்று வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்ட விரும்புவோர், அவ்வண்டியில் செல்லத்தக்க சீட்டு இருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்வது நல்லது. தடங்கள் திறந்துள்ளனவா என்பதைக் கூட்டமைப்பின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் அறியலாம். சிவப்பு என்றால் சீட்டு இருந்தாலும் அத்தடத்தில் கால்வைக்கக் கூடாது.

வெர்மான்டின் முறை இன்னும் நேரடியானது. அங்கு மாநிலப் பதிவு தவிர, தடப் பராமரிப்புப் பங்கு எனப்படும் தொகையைச் செலுத்தி ஒட்டுவில்லை பெற வேண்டும். அதைப் பெறுவதற்கு முதலில் ஏதேனும் ஓர் ஊர்ச்சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். தடத்தில் ஓடும் பருவகாலப் பயனர்களைத் தடத்தைக் காக்கும் சங்கங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிடும் ஏற்பாடு இது.

நியூயார்க் மாநிலம் கட்டாயப்படுத்தாமல் விலையால் வழிகாட்டுகிறது. அங்கு பனி ஊர்தியின் ஆண்டுப் பதிவுக் கட்டணம் 100 டாலர். சங்க உறுப்பினருக்கு 45 டாலர். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியும் நியூயார்க்கில் ஓட வேண்டுமானால் அங்கும் பதிவுசெய்தாக வேண்டும். இத்தொகையின் பெரும்பகுதி மாநிலத் தட நிதிக்குச் சென்று, தடத்தின் நீளத்தையும் தரத்தையும் பொறுத்து மாவட்டங்கள் வழியே சங்கங்களுக்கு மானியமாகத் திரும்புகிறது. விஸ்கான்சினிலும் கருத்து இதுவே: மாநிலத்தவருக்கு ஆண்டுத் தடச்சீட்டு 30 டாலர், ஊர்ச்சங்கத்திலும் மாநிலச் சங்கங்களின் கூட்டமைப்பிலும் உறுப்பினராக உள்ளவருக்கு 10 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 50 டாலர். நியூ ஹாம்ஷயரும் சங்க உறுப்பினருக்குப் பதிவில் 30 டாலர் குறைக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், நியூயார்க்கில் இரண்டு வண்டி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு 110 டாலர் மிச்சமாகிறது. ஊர்ச்சங்கத்தின் ஆண்டுச் சந்தா பெரும்பாலும் அதைவிடக் குறைவே.

எரிபொருள் வரியிலிருந்தும் சில மாநிலங்கள் பங்கு ஒதுக்குகின்றன. சாலையில் ஓடாத வண்டியின் எரிபொருளுக்கும் சாலை வரி கட்டப்படுவதால் அதைத் திருப்பித் தருவதே நியாயம் என்பது இதன் அடிப்படை. மினசோட்டா, தன் பெட்ரோல் வரி வருவாயில் 1 விழுக்காட்டைப் பனி ஊர்திகளுக்குரியதாகக் கொண்டு தட நிதிக்கு ஒதுக்குகிறது. விஸ்கான்சின் சட்டம், பதிவான ஒவ்வொரு வண்டியும் ஆண்டுக்கு 50 காலன் எரிப்பதாகக் கொண்டு கணக்கிடுகிறது.

இம்முறைகளுள் நியூயார்க்கும் விஸ்கான்சினும் கையாளும் வழியே சிறந்தது என்று கொள்ள இடமுண்டு. சங்கத்தில் சேர விரும்பாதவரின் சுதந்திரத்தை அது பறிக்கவில்லை. அதே வேளையில், தடத்தை ஆக்குவோர் யார் என்ற கேள்வியைப் பதிவுப் படிவத்திலேயே எழுப்பிவிடுகிறது. சலுகைக்காக மட்டும் பெயரைக் கொடுத்துவிட்டு ஒரு கூட்டத்துக்கும் வராத உறுப்பினர்களால் என்ன பயன் என்ற மறுப்பு இதற்கு எதிராக எழுவதுண்டு. அந்த மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அத்தகைய உறுப்பினரின் சந்தா சங்கத்தின் பெட்டிக்கு வந்துசேர்கிறது, சட்டமன்றத்தில் தடங்களுக்காக வாதிடும்போது அவரும் எண்ணிக்கையில் நிற்கிறார், நூறு பேர் சேர்ந்தால் அவர்களில் சிலராவது ஒருநாள் வாள் எடுத்துக்கொண்டு மரம் அறுக்க வருகிறார்கள். சேராதவர்களிடமிருந்து அந்தச் சிலர்கூட வருவதில்லை.

சங்கமின்றியே தடம் நடத்த முடியும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நியூயார்க்கின் அடிரொண்டாக் மலைப்பகுதியில் உள்ள ஓல்ட் ஃபோர்ஜ் என்ற சிற்றூர் பனி ஊர்திகளால் பெயர்பெற்றது. அதை உள்ளடக்கிய வெப் நகராட்சி, மாநிலப் பதிவுக்கு மேல் தன் சொந்தத் தடச்சீட்டையும் விற்று, அப்பணத்தால் தானே தடங்களைச் சீர்செய்கிறது. விடுதிகளும் உணவகங்களும் எரிபொருள் நிலையங்களும் குளிர்கால வருகையாளரையே நம்பியிருக்கும், நிலத்தில் பெரும்பகுதி அரசுக் காடாகவும் சில பெரிய உடைமைகளாகவும் உள்ள ஓர் ஊருக்கு அம்முறை பொருந்துகிறது. நூற்றுக்கணக்கான சிறு பண்ணைகளின் வழியே நெளிந்து செல்லும் விஸ்கான்சின் தடத்துக்கு அது பொருந்தாது. அங்கு ஒவ்வொரு வேலிக்கும் ஒரு முகமறிந்த ஆள் வேண்டும். அந்த ஆளைச் சங்கம் தருமேயன்றி அரசு தராது.

பனியே வராத ஆண்டில் கட்டணம் ஏன் என்பது அடிக்கடி எழும் குறை. 2023–24 குளிர்காலம் கனடாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமானதாக அமைந்தது. எல் நினோவின் தாக்கத்தால் பெரிய ஏரிகளைச் சுற்றிய மாநிலங்களிலும் பல தடங்கள் சில நாட்களே திறந்தன, சில திறக்கவே இல்லை. சீட்டு வாங்கியவரின் ஏமாற்றம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால், காப்பீட்டுத் தொகை ஆகஸ்டிலேயே கட்டப்பட்டுவிடுகிறது. பாலம் அக்டோபரில் பழுதுபார்க்கப்படுகிறது. கம்பங்கள் நவம்பரில் நடப்படுகின்றன. குரூமருக்கு வாங்கிய கடனின் தவணை பனியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இன்னும் மோசமாக, சீர்செய்த தூரத்தையோ நேரத்தையோ கணக்கிட்டு மானியம் தரப்படும் இடங்களில், பனியற்ற ஆண்டில் சங்கத்தின் வருவாயும் சேர்ந்தே வீழ்கிறது. பனி நிறைந்த ஆண்டுகளில் மட்டும் வாங்கப்படும் சீட்டுகளால், பனி நிறைந்த ஆண்டுகளில்கூடத் தடம் இருக்காது. குளிர்காலங்கள் குறுகிவரும் இக்காலத்தில் இது சங்கங்களை மிகவும் வாட்டும் சிக்கல்.

மற்றொன்று ஆட்களின் முதுமை. 1960-களிலும் 70-களிலும் சங்கங்களைத் தொடங்கியவர்களின் தலைமுறை ஓய்ந்துவருகிறது; பல ஊர்களில் குரூமரை ஓட்டுபவரும் கணக்கு எழுதுபவரும் நிலவுடைமையாளரைச் சந்திப்பவரும் ஒருவரே. நிலமும் கைமாறுகிறது: தந்தை கைகுலுக்கிக் கொடுத்த அனுமதி, நகரத்தில் வாழும் மகனுக்கோ புதிதாக நிலம் வாங்கியவருக்கோ கட்டுப்பாடு ஆகாது. அங்கெல்லாம் பேச்சைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஆதலால், சங்கத்துக்குத் துணைநிற்பது என்பது கட்டணத்தைக் கட்டுவதோடு நின்றுவிடுவதன்று. எனினும் கட்டணத்தையே துணையாகும்படி கட்ட முடியும். இலையுதிர் காலத்தில் வாங்கும் சீட்டு, விலை குறைவாக இருப்பதோடு, டீசலும் உதிரிப்பாகமும் வாங்கவேண்டிய நேரத்தில் கையில் பணமாகிறது. பனி இல்லாத மாதங்களில் சங்கங்கள் ஊர்க்கூடத்தில் நடத்தும் அப்பக்காலை உணவும் குலுக்கல் சீட்டும், தடத்தில் ஐந்து இடங்களில் நின்று ஒவ்வொரு விளையாட்டுச் சீட்டாக எடுத்து யாருடைய ஐந்து சீட்டுகள் வலியவை என்று பார்க்கும் போக்கர் ஓட்டமும் சிறுதொகையையே ஈட்டுகின்றன, ஆனால் நிலவுடைமையாளரையும் ஓட்டுநரையும் ஒரே மேசையில் அமரவைக்கின்றன. எல்லாவற்றிலும் எளியது, உறுப்பினர் படிவத்தில் சங்கத்தின் பெயரை எழுதும் இடத்தில் சற்று யோசிப்பது. பாஸ்டனிலோ மில்வாக்கியிலோ வாழ்ந்துகொண்டு வார இறுதியில் இருநூறு கிலோமீட்டர் வடக்கே சென்று ஓட்டுபவர், வழக்கமாகத் தம் வீட்டுக்கு அருகில் உள்ள சங்கத்தின் பெயரையே எழுதிவிடுகிறார். அவர் உண்மையில் ஓட்டும் தடம் எந்தச் சங்கத்தின் குரூமரால் சீர்செய்யப்படுகிறது என்பது அத்தடத்தின் அறிவிப்புப் பலகையிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த அக்டோபரில் படிவத்தில் அதையே எழுதினால், சந்தா தடத்தின் செலவு நேரும் ஊருக்கே போய்ச்சேரும்.